மேனேஜர் ஒரு வாரம் லீவு, புரொடக்‌ஷன் குறையவில்லை. அப்புறம் அவர் எதற்கு?

கேள்வி, 2 ஜூன் 2023

திருப்பூரில் 160 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி எங்களுடையது. நான் ஓவர்லாக் டைலர். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் மிஷினில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கட்டிங் போடமாட்டார், செக்கிங் பார்க்கமாட்டார். போன் பேசுவார், நடப்பார், நோட்டில் எழுதுவார். போன மாதம் ஒரு வாரம் லீவில் போனார். அந்த வாரம் ஒரு பீஸ்கூடக் குறையவில்லை. அவர் சம்பளத்தில் இரண்டு மூன்று டைலர் வைக்கலாம். மேனேஜர் என்பவர் என்னதான் செய்கிறார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 3 ஜூன் 2023, இரவு 9:50

சம்பள நாள், இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் சாப்பிட உட்கார மனம் வரவில்லை. 2003-ல் கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாக, சேர்ந்தவள் நான். அப்புறம் செக்கிங், சூப்பர்வைசர். இப்போது பத்து வருடமாகப் புரொடக்‌ஷன் மேனேஜர். கைமடியாக இருந்தபோது இதே கேள்வியை இதே கோபத்தோடு நானும் கேட்டிருக்கிறேன்.

ஒரு வாரத்தை வைத்து அளக்க முடியாதுங்க. அந்த வாரம் நீங்கள் தைத்த துணியை யார், எப்போது ஏற்பாடு செய்தார்கள்? நூல் வாங்கி, நிட்டிங் முடிந்து, சாயப்பட்டறைக்குப் போய், துணி பின்னால் சுருங்காமலிருக்க காம்பாக்டிங் ஆகி, கட்டிங் டேபிளுக்கு வர எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்று நான்கு வாரம் பிடிக்கும். லேபிள், எம்ப்ராய்டரி, பாலிபேக், அட்டைப்பெட்டி ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். ஒரு சின்ன கழுத்து லேபிள் வரவில்லை என்றால் 40 மிஷின் சும்மா நிற்கும். போனில் அவர் பேசுவது பெரும்பாலும் அதைத்தான்.

அவர் லீவு போட்ட வாரத்தை விடுங்கள். அதற்கு அடுத்த மூன்றாவது வாரம் உங்கள் லைன் (வரிசையாகத் தைக்கும் மிஷின்கள்) எத்தனை மணி நேரம் ஏதோ ஒன்று இல்லாமல் உட்கார்ந்திருந்தது என்று கணக்குப் பாருங்கள். அதைச் சொன்னால் மேலே பேசலாம்.

3 ஜூன் 2023, இரவு 11:15

சாப்பிட்டுவிட்டு யோசித்தபோது ஒன்று விட்டுப்போனது தெரிந்தது. சூப்பர்வைசர் இந்த மணி நேரத்தைப் பார்ப்பவர். இந்த மணி 180 பீஸ் வந்ததா, யார் வரவில்லை, எந்த மிஷினில் நூல் அறுகிறது என்பது அவர் கவலை. மேனேஜர் அடுத்த மாதத்தைப் பார்ப்பவர். மேனேஜரும் இந்த மணி நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த மாதத்தைப் பார்க்க ஆளே இருக்காது.

6 ஜூன் 2023

"லைனில் நிற்காத மேனேஜர் வேஸ்ட்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். நின்றால்தான் தெரியும் என்பதற்கு என் கதை ஒன்று.

2014-ல் சாதாரண ரவுண்ட் நெக் டீ-ஷர்ட், ஒரே கலர், பெரிய ஆர்டர். மணிக்கு 200 வர வேண்டிய லைனில் 150-ஐத் தாண்டவில்லை. முதலாளி "டைலருங்க வேகமா தைக்கறதில்ல" என்றார். நானும் மூன்று நாள் அதையே சொல்லிச் சத்தம் போட்டேன். நாலாவது நாள் மாடிப்படியில் நின்று மேலிருந்து பார்த்தேன். தோள் ஜாயிண்ட் போட்ட பீஸ் கழுத்து ரிப் போடும் மிஷினுக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கை ஏற்றும் டைலர்கள் இரண்டு பேர் அடுத்த பண்டலுக்காகக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். தோள் மணிக்கு 240 ஓடுகிறது, கழுத்து 150 ஓடுகிறது. கடைசியில் பெட்டிக்குள் போவது 150தான். மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் குவியல்தான் பெரிதாகும்.

தோள் போடுகிற ஒருவரைக் கழுத்துக்கு மாற்றினோம். மறுநாள் 195 வந்தது. யாரும் ஒரு நொடிகூட வேகம் கூட்டவில்லை.

நான் கவனித்திருக்காவிட்டால் அந்த ஷிப்மென்ட் போயிருக்கும்.

7 ஜூன் 2023

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைசி வரி பொய். எனக்கே அது உறுத்துகிறது.

முதலில் கவனித்தது நான் இல்லை. கழுத்து போடுகிற அக்கா இரண்டாவது நாளே சூப்பர்வைசரிடம், "எனக்கு இன்னொரு ஆள் குடுங்க, பீஸ் குமிஞ்சு கெடக்குது" என்று சொல்லியிருக்கிறார். அந்த சூப்பர்வைசர் பையன் என்னிடம் சொல்லவில்லை. நான் டைலர்களைத் திட்டிக்கொண்டிருந்த நேரம், "லைனில் ஆள் போதவில்லை" என்று வந்து சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? நான் படியேறியது நாலாவது நாள். இரண்டு நாள் புரொடக்‌ஷன் போனது என் வாயால்.

ஒன்பது வருடமாக இந்தக் கதையைப் புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்கு "நான் பார்த்தேன்" என்றே சொல்லிவந்திருக்கிறேன். எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

11 ஜூன் 2023, ஞாயிறு

நல்ல மேனேஜர் என்றால் யார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் சூப்பர்வைசராக இருந்தபோது எனக்கு மேலே இருந்த அண்ணன் ஒருவர். பின்னால் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். 2016-ல் அவர் கம்பெனியும் எங்கள் கம்பெனியும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. அதனால் இதை நேரில் பார்த்தேன்.

நவம்பர் 8, செவ்வாய் இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. புதன்கிழமை பேங்க் இல்லை. சனிக்கிழமை வாரச் சம்பளம். திருப்பூர்க்காரர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அவர் கம்பெனியில் 140 பேர், தலைக்குச் சுமார் 2,000 என்றால்கூட 2,80,000 ரூபாய் சில்லறையாக வேண்டும். அக்கவுண்டிலிருந்து வாரத்துக்கு 20,000தான் எடுக்க முடியும். கரண்ட் அக்கவுண்டுக்கு 50,000 என்று தளர்த்தியதே அடுத்த வாரம்தான்.

மற்ற பல கம்பெனிகளில் முதலாளி வரட்டும், பேங்க் திறக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான், அதில் நானும் ஒருத்தி. அவர் புதன்கிழமை காலை மிஷின் ஆன் பண்ணுவதற்கு முன்னால் எல்லோரையும் கேட் பக்கம் கூப்பிட்டார். "சனிக்கிழமை முழுச் சம்பளம் கைக்கு வராதுங்க. எவ்வளவு வரும்னு எனக்கு இன்னும் தெரியல. வெள்ளி சாயந்திரம் அஞ்சு மணிக்கு இதே எடத்துல சொல்றேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மதில் இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

அப்புறம் இரண்டு நாள் ஒரு லிஸ்ட் எழுதினார். யாருக்கு வாடகை எந்தத் தேதி, யார் வீட்டில் மருந்து செலவு, ஒடிசாவுக்கும் பீகாருக்கும் யார் பணம் அனுப்ப வேண்டும். கம்பெனிக்கு எதிரே இருந்த மளிகைக் கடைக்காரரிடம் போய், இரண்டு வாரத்துக்கு இந்த லிஸ்ட்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார். முதலாளியின் சொந்தக்காரர்கள், பெட்ரோல் பங்க், காய்கறி மண்டி என்று அலைந்து 100 ரூபாய் நோட்டாகச் சேர்த்தார். வெள்ளி சாயந்திரம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். தலைக்கு 500 கையில், மருந்து செலவு இருப்பவர்களுக்கு 1,000, மீதி அக்கவுண்டில். அக்கவுண்ட் இல்லாதவர்களுக்குப் பேங்க் ஆட்களை டைனிங் ஹாலுக்கே வரவழைத்து ஃபார்ம் எழுத வைத்தார்.

எங்கள் பக்கம் அடுத்த வாரம் லைனுக்கு முப்பது பேர் வரவில்லை. அவர் பக்கம் நாலு பேர்.

அந்த வாரம் முழுக்க அவர் ஒரு பீஸைத் தொட்டிருக்கமாட்டார்.

11 ஜூன் 2023, மாலை

இதைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். "அவரு பணம் சேத்தது பெருசில்லக்கா, தெரியலைன்னு சொன்னாரு பாரு, அதுதான் பெருசு" என்கிறாள். அவள் செக்கிங்கில் இருப்பவள். சரியாகத்தான் சொல்கிறாள்.

15 ஜூன் 2023

மேனேஜ்மென்ட் படித்த தம்பி ஒருவர் "திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல்" என்று ஐந்து வேலையை எழுதியிருக்கிறார். இது ஹென்றி ஃபயோல் சொன்னது. பிரான்சில் சுரங்கக் கம்பெனி நடத்தியவர், 1916-ல் எழுதினார். தப்பில்லை. ஆனால் அதைப் படித்தால் மேனேஜர் ஏசி ரூமில் உட்கார்ந்து நிதானமாகத் திட்டம் போடுகிற ஆள் என்று தோன்றும்.

எனக்கு நம்பிக்கை தந்தது கனடாக்காரர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் செய்தது. ஐந்து பெரிய அதிகாரிகளின் பக்கத்திலேயே ஆளுக்கு ஒரு வாரம் இருந்து, அவர்கள் நிஜமாக என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். 1973-ல் அது வெளிவந்தது. அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டன. அதற்குள் அடுத்தது வந்துவிடும். இதைப் படித்தபோது அப்பாடா என்று இருந்தது. ஒரு வேலையும் முழுதாகச் செய்வதில்லையே என்று வருடக்கணக்காக எனக்குக் குற்ற உணர்ச்சி. பெரிய கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் நாள் இப்படித்தான் துண்டு துண்டாகப் போகிறது.

நேற்று நானும் குறித்துப் பார்த்தேன். காலை 8:30 முதல் மதியச் சாப்பாடு வரை 41 பேர் அல்லது போன். அதிகபட்சம் பதினான்கு நிமிஷம், சாயப்பட்டறைக்காரரோடு. அந்த 41-ல் நான் மட்டுமே முடிவெடுக்க வேண்டியவை எத்தனை என்று ராத்திரி எண்ணினேன். ஆறு. மீதி 35 எதற்கு என்னிடம் வந்தன என்பதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

18 ஜூன் 2023

யோசித்தேன். 6-ஆம் தேதி "லைனில் நிற்க வேண்டும்" என்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

2018-ல் அம்மாவுக்கு கண் ஆபரேஷன், நாலு நாள் லீவு. இரண்டாவது நாளே ஒரு லைன் மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. காரணம், தையல் நூலின் ஷேடு துணியோடு ஒரு துளி ஒட்டவில்லை, போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய யாரும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது போன் வந்தது, போட்டோ வந்தது. போட்டோவில் ஷேடு தெரியுமா? பதினைந்து வருட அனுபவம் உள்ள கட்டிங் மாஸ்டர் அங்கேயே இருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரியாதது என் கண்ணுக்குத் தெரிந்துவிடாது. ஆனால் அவரை ஒருநாளும் முடிவெடுக்க நான் விட்டதில்லை. எப்போதும் நானே அங்கு நின்றேன், நானே சொன்னேன். அதனால் நான் இல்லாதபோது சொல்ல ஆள் இல்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் மேனேஜர் ஒரு வாரம் இல்லாமல் ஒரு பீஸ்கூடக் குறையவில்லை என்றால், அவரைப் பற்றி எனக்கு மரியாதைதான் கூடுகிறது. என்னால் அன்றைக்கு அது முடியவில்லை.

25 ஜூன் 2023, ஞாயிறு

நீளமாக எழுதப்போகிறேன். இந்த இழையில் நான் சொல்ல வேண்டியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

2015. நேவி ப்ளூ, சிறுவர் டீ-ஷர்ட், 8,000 பீஸ். துணி சாயப்பட்டறையிலிருந்து இரண்டு லாட்டாக, அதாவது இரண்டு தடவையாகச் சாயம் போட்டு, வந்தது. நேவி ப்ளூ ஒரு பொல்லாத கலர். ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு லாட்டும் ஒன்றுபோலவே இருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒன்று லேசாகச் சிவப்படிக்கும். அதனால்தான் லாட் கலக்காமல் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி பண்டல் கட்டுவோம். அன்றைக்கு எங்கோ ஸ்டிக்கர் மாறிவிட்டது. ஒரு லாட் உடம்புக்கு இன்னொரு லாட் கை.

ஃபைனல் செக்கிங்கில் பிடித்தபோது 1,900 பீஸ் தைத்து முடிந்திருந்தது. கையைப் பிரித்து, மறுபடி வெட்டி, மறுபடி தைத்தோம். தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்க முடியவில்லை. ஒரு பகுதியைக் கம்பெனி செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஆர்டரில் கிடைத்திருக்க வேண்டிய லாபம் அதோடு போனது.

நான் லைனில் போய் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. சாயந்திரம் எல்லோரும் போனபிறகு பதினெட்டு பத்தொன்பது வயதுக் கைமடிப் பெண் ஒருத்தி, டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். "அக்கா, திங்கக்கெழமையே பாத்தேனுங்க" என்றாள். கீழே கிடந்த ஒரு பீஸை எடுத்து ஜன்னல் பக்கம் போய், கையை மடக்கி உடம்பின் மேல் வைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். இரண்டு கலர். அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் உதவிக்கு நிற்கும் மிஷின் ஜன்னல் ஓரம், அதனால் அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. "ஏன் சாமி சொல்லல?" என்று கேட்டேன். "போன வாரம் அந்தக்கா ஓட்டை இருக்குதுன்னு சொன்னதுக்குத் திட்டுனீங்களே. அதான் பயந்துட்டேனுங்க."

நினைவு இருக்கிறது. ஒரு செக்கிங் பெண் துணியில் ஊசி ஓட்டை என்று வந்து சொன்னாள். ஷிப்மென்ட் அவசரத்தில், "இப்ப வந்து சொல்றியா, இத்தன நேரம் என்ன பண்ணுன?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்துக்கு நாங்கள் கொடுத்த விலைதான் விமான வாடகை.

டொயோட்டா தொழிற்சாலைகளில் லைனுக்கு மேலே ஒரு கயிறு இருந்தது, ஆண்டான் கயிறு என்பார்கள். எந்தத் தொழிலாளியும் தப்பு கண்டால் இழுக்கலாம். உடனே டீம் லீடர் ஓடி வருவார், அங்கேயே சரியாகாவிட்டால் லைன் நிற்கும். இதைக் கேள்விப்பட்டு மிஷினுக்கு ஒன்று என்று சிவப்புத் துணி கட்டி வைத்தேன். சந்தேகம் வந்தால் தூக்கிக் காட்டுங்கள் என்றேன். ஒன்பது நாள் ஒருவர்கூடத் தூக்கவில்லை. கயிறு கட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். துணியில் என்ன இருக்கிறது, தூக்கினால் நான் என்ன செய்வேன் என்பதைத்தானே அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாவது நாள் பேட்லாக் (ஃப்ளாட்லாக் தையல்) போடுகிற ஒரு பையன் தூக்கினான். போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, சாதாரண நூல் பிசிறு. எரிச்சல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுற்றிலும் முப்பது ஜோடிக் கண். "நல்லா பாத்த தம்பி, இது பரவால்ல, போட்டுக்கலாம். இன்னொண்ணு தெரிஞ்சாலும் தூக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மதியமே மூன்று துணி தூக்கினார்கள். அதில் ஒன்று நிஜமான தப்பு: சைஸ் லேபிள் மாறி, எம் அளவில் எல் லேபிள். நாற்பது பீஸில் பிடித்துவிட்டோம்.

3-ஆம் தேதி மேனேஜர் வேலை அடுத்த மாதத்தைப் பார்ப்பது என்றேன். 6-ஆம் தேதி லைனில் நிற்பது என்றேன். 18-ஆம் தேதி பிறரை முடிவெடுக்க விடுவது என்றேன். எல்லாம் வேண்டும்தான். ஆனால் கெட்ட செய்தி எத்தனை நிமிஷத்தில் என்னிடம் வந்து சேருகிறது என்பதைத்தான் இப்போதெல்லாம் நான் முதலில் பார்க்கிறேன். திங்கட்கிழமை பார்த்தது திங்கட்கிழமையே வந்திருந்தால் அது நூறு பீஸ் பிரச்சினை.

26 ஜூன் 2023

"பையர் இன்ஸ்பெக்‌ஷனில் கொஞ்சம் தப்பு பாஸ் ஆகும்தானே, அப்படியே அனுப்பியிருக்கலாமே" என்று ஒரு கேள்வி. எவ்வளவு தப்பு வரை ஏற்கலாம் என்பதற்கான அளவுதான் ஏ.க்யூ.எல். மொத்தம் 8,000 பீஸ், ஏ.க்யூ.எல் 2.5 என்றால் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய தப்பு 10 வரை பாஸ், 11 என்றால் ஃபெயில். எங்களுடையதில் 8,000-க்கு 1,900. கிட்டத்தட்ட நாலில் ஒன்று. 200-ல் நாற்பதுக்கு மேல் சிக்கியிருக்கும். பாஸ் ஆகியிருந்தாலும், இரண்டு கலர்ச் சட்டையை ஒரு குழந்தைக்குப் போட்டுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

9 ஜூலை 2023, ஞாயிறு

இழை எங்கெங்கோ போகிறது, எனக்கும் அது பிடித்திருக்கிறது. "மேனேஜர் லீவுன்னா ஃபேன்கூட நல்லா சுத்துது" என்று எங்கள் அயர்னிங் மாஸ்டர் சொல்லுவார். அவர் சொல்லி நான் சிரித்த அளவுக்கு வேறு யாரும் சிரித்திருக்கமாட்டார்கள்.

நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டவருக்கு, என் நோட்டில் பாதி நோம்பிக் கணக்கு, யார் ஊரில் எப்போது திருவிழா என்று. மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் சித்திரைத் திருவிழா, தேனிக்காரர்களுக்கு வீரபாண்டி, இங்கே சுற்றுப்பட்டு ஊர்களில் ஒவ்வொரு மாரியம்மன் கோவிலுக்கும் ஒரு தேதி, பீகார் பையன்களுக்குச் சத் பூஜை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் எந்த வாரம் திரும்புவார்கள் என்று போன வருடக் கணக்கைப் பார்த்தால் தெரியும். அந்த வாரங்களில் ஷிப்மென்ட் தேதி ஒத்துக்கொள்ளாமல் முதலாளியிடம் மல்லுக்கட்டுவதும் என் வேலைதான். "முடியாதுங்க" என்று ஆகஸ்டில் சொன்னால் திட்டு. அக்டோபரில் சொன்னால் நஷ்டம். நான் திட்டை வாங்கிக்கொள்கிறேன்.

22 ஜூலை 2023

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டிருக்கிறார். மூன்றாவது வாரத்தை நினைவுபடுத்திப் பார்த்தாராம். ஒரு செவ்வாய்க்கிழமை கழுத்து லேபிள் வராமல் லைன் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தது. மேனேஜர் லீவில் இருந்த வாரம் லேபிள்காரருக்கு ஆர்டர் உறுதிசெய்ய வேண்டியிருந்ததாம், வேறு யாரிடமும் லேபிள்காரர் நம்பர் இல்லை. "நீங்கள் சொன்னது சரிதான் அக்கா, மேனேஜர் தேவைதான்" என்கிறார்.

தம்பி, அவசரப்பட்டு என் பக்கம் சாயாதீர்கள். அந்த ஐந்து மணி நேரம் உங்கள் மேனேஜர் வேலையின் மதிப்பையும் காட்டுகிறது, அவர் விட்ட குறையையும் காட்டுகிறது. லீவுக்கு முன்னால் ஒரு சீட்டில் நாலு நம்பர் எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்திருந்தால் நீங்கள் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஜூன் 18-ஆம் தேதி அவரைப் புகழ்ந்ததில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போதுதான் என் போனை எடுத்துப் பார்த்தேன். எங்கள் லேபிள்காரர், பட்டன்காரர், பாலிபேக், சாயப்பட்டறை, லாரி செட், எல்லா நம்பரும் அதில் மட்டுமே இருக்கிறது. ஒரு அட்டையில் எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை வருகை பதியும் பஞ்சிங் மிஷின் பக்கத்தில் ஒட்டிவிடுவேன்.